நிழலில் கட்டி வைத்தது

– ஒரு பேனா, ஒரு பிஸ்கட் பாக்கெட்டு. ஒரு ஆளு மனசுல கெடக்குறத அள்ளிக் கொட்டுறதுக்கு இம்புட்டுத்தான் வெலையா, தாயி?

– வெலையெல்லாம் இல்ல அங்கிள். பொறுமையா உக்காந்து பதில் எழுதுறாங்கல்ல, அதுக்கு ஒரு தேங்க்ஸ். எங்க டிபார்ட்மென்ட்ல எல்லா ப்ராஜெக்ட்டுக்கும் அப்படித்தான்.

– வெலை இல்லேங்கிற, ஆனா குடுக்குற. எங்க மாட்டுச்சந்தையில இதுக்கு வேற பேரு. சரி, அத விடு. எம்மக வனிதா என்ன எழுதிக் குடுத்தா?

– அதச் சொல்லக்கூடாது அங்கிள். யாரு என்ன எழுதுனாங்கன்னு வெளிய சொல்லமாட்டோம்னு வாக்குக் குடுத்துத்தான் வாங்குறோம்.

– பிஸ்கட்டத் தின்னது எம்மக. பெத்த அப்பனுக்குமா சொல்லக்கூடாது?

– அவ தின்னக்கூட இல்ல அங்கிள். பிரிக்காம அப்படியே சன்னல்ல கெடக்கு.

– ம்.

– டீ குடிக்கிறீங்களா? ஹாஸ்டலுக்குள்ள ஆம்பளைங்கள விடமாட்டாங்க. இந்த விசிட்டர் ஷெட்டு வரைக்குந்தான். வேணும்னா வெளிக்கடையில வாங்கியாரச் சொல்றேன்.

– டீ கெடக்கட்டும். நேத்து போன்ல பேசுன ஷர்லி நீதானே? "அங்கிள், ஒடனே கெளம்பி வாங்க"ன்னு நீ போட்ட அதட்டலுக்கு வாட்டசாட்டமா ஒரு பொம்பள வந்து நிக்கும்னு பாத்தேன். நீ தீக்குச்சியாட்டம் வார.

– நாந்தான். வனிதாவும் நானும் ஒரே ரூம். அவ எம்.எஸ்சி. கணக்கு, நான் எம்.எஸ்.டபிள்யூ. வார்டன் மேடம் சொல்லி நான் போன் பண்ணல. நானாத்தான் பண்ணேன். அவளுக்குத் தெரியாது.

– தெரிஞ்சா?

– கோவப்படுவா. கோவப்பட்டாலும் நல்லதுன்னுதான் பண்ணேன். அவ கோவப்பட்டே ரொம்ப நாளாச்சு அங்கிள்.

– பேப்பர்ல உள்ளதச் சொல்லமாட்டேங்கிற. கண்ணால பாத்தத? அதுக்கும் வாக்குக் குடுத்திருக்கியா?

– அதுக்குக் குடுக்கல.

– அப்ப அதச் சொல்லு. மாட்டுக்காரன் எழுதிக் குடுத்தாலும் நான் அதப் படிக்கமாட்டேன். மாட்டத்தான் பாப்பேன்.

– காலையில எந்திரிக்க மாட்டேங்கிறா. தூங்குறான்னு நெனைக்காதீங்க. முழிச்சுத்தான் கெடக்கா, சுவத்தப் பாத்துக்கிட்டு. மெஸ் மணி அடிச்சாலும் எறங்க மாட்டா. நாந்தான் தட்டுல போட்டுக் கொண்டாந்து வைக்கிறேன். பாதி தின்பா. க்ளாசுக்கு ஒரு நாள் போனா மூணு நாள் போகமாட்டா. தலைக்கு எண்ணெகூட நான் வச்சுவிட்டாத்தான். அவ இப்படி இருந்தவ இல்ல அங்கிள். போன வருசம் என்னைய மனுசியாக்குனதே அவதான்.

– அதென்ன, நீ அதுக்கு முன்னால என்னவா இருந்த?

– மொத செமஸ்டர்ல எனக்குப் பரீட்சைன்னா கை வேர்த்து பேனா வழுக்கும். ஒரு பேப்பர் பாதியில எந்திரிச்சே வந்துட்டேன். ராத்திரியெல்லாம் தூக்கம் வராது. இவதான் விடியமுன்ன எழுப்பி, போர்வைய உருவி, மொட்டமாடிக்கு இழுத்துட்டுப் போவா. எட்டுப் போட்டு நடப்போம். என்னால அவ ஈடுக்கு நடக்க முடியாது. மூச்சு வாங்கும். "மூச்சு வாங்குறப்ப பயப்பட நேரமிருக்காது, நட"ன்னு வெரட்டுவா. நடந்து நடந்துதான் தூக்கம் வந்துச்சு. ஓடியாடுறதுக்கும் மனசுக்கும் என்ன தொடர்புன்னு ப்ராஜெக்ட்டுக்கே நான் தலைப்பு எடுத்தது அவளாலதான்.

– மொட்டமாடியில நடந்தாளா? எங்கிட்டச் சொல்லவே இல்லையே.

– நீங்க ஆடிக்கு முன்னால வார்டன் மேடத்துக்குப் போன் பண்ணீங்கல்ல. அதுக்கப்புறம் மேடம் மாடிக் கதவப் பூட்டிட்டாங்க. கொக்கோ வெளையாட்டு டீம்லேருந்தும் அவ பேர எடுத்தாச்சு.

– நான் கொக்கோவத்தான் வேணாம்னேன். மாடியப் பத்திப் பேசவே இல்ல.

– "வெயில்ல விடாதீங்க, ஓட விடாதீங்க"ன்னீங்களாம். அவங்க அத மொத்தமா எடுத்துக்கிட்டாங்க.

– நான் சில்லறையாச் சொன்னத மொத்தமா எடுத்துக்கிட்டாகளாக்கும். சரி தாயி. இதுக்கெல்லாம் சேத்து ஒரே வழிதான் இருக்கு. நாளைக்கு ஆபீசு தொறந்ததும் டிசிய வாங்குறேன். அவளக் கூட்டிக்கிட்டு ஊரு போய்ச் சேந்துர்றேன். தையில கல்யாணம். வீடு, வாசல், புருசன்னு ஆச்சுன்னா எல்லாம் தன்னால நேராயிரும். இன்னைக்கே துணிமணியக் கட்டிவைக்கச் சொல்லு.

– அதுக்கா ஒங்கள வரச்சொன்னேன்?

– வேற எதுக்கு?

– இது கடைசி வருசம் அங்கிள். அட்டெண்டன்ஸ் இன்னும் கொஞ்சம் கொறஞ்சா பரீட்சை எழுத விடமாட்டாங்க. இப்பப் புடிச்சா புடிச்சுரலாம். இப்ப ஊருக்குக் கூட்டிட்டுப் போனீங்கன்னா அங்கயும் இதே சுவருதான், இதே படுக்கைதான். ஒரு மாசம் குடுங்க. நான் பாத்துக்கிறேன்.

– ஒரு மாசமா? ஒரு வாரம்.

– இது மாடு இல்ல அங்கிள்.

– மாடா இருந்தா ஒரு நாளுதான் குடுத்திருப்பேன். சரி, பத்து நாள். பத்து நாள்ல என்ன செஞ்சுருவ?

– மாடிக் கதவத் தொறக்கச் சொல்வேன். அதுக்கு ஒங்க கையெழுத்து போட்ட லெட்டர் வேணும். காலையில நான் அவள இழுத்துட்டுப் போவேன், அவ என்னைய இழுத்துட்டுப் போன மாதிரி. சாயங்காலம் கிரவுண்டு. ஞாயித்துக்கெழம புதுக்குளத்தச் சுத்தி ஒரு ரவுண்டு. டவுன்ல மனசுக்குப் பாக்குற டாக்டரம்மா ஒருத்தங்க இருக்காங்க, அவங்ககிட்டயும் கூட்டிட்டுப் போகணும்.

– நடந்தா மனசு நேராயிருமா? எங்க பக்கத்துல வெள்ளன எந்திரிச்சு ஓடாத ஆளே இல்ல. கவல இல்லாத ஆளும் ஒருத்தன் இல்ல. அவுகளுக்கெல்லாம் ஒம் ப்ராஜெக்ட்ட வாசிச்சுக் காட்டு.

– கவல போயிரும்னு நான் சொல்லல. நாலு காலேஜ்ல புள்ளைங்ககிட்டக் கேட்டிருக்கேன். தெனமும் நடக்குற, ஓடுற, வெளையாடுற புள்ளைங்க நல்லாத் தூங்குறாங்க. பரீட்சை வந்தாலும் படபடப்பு கொறச்சலா இருக்கு. க்ளாசு, ரூமு, செல்லுன்னு உக்காந்தே கெடக்குறவங்களுக்குத்தான் பாரம் ஜாஸ்தி.

– அப்ப உக்காந்ததாலதான் மனசு கெட்டுச்சுங்கிற.

– அப்படி அடிச்சுச் சொல்ல முடியாது அங்கிள். மனசு கெட்டதால உக்காந்துட்டாங்களோ என்னமோ. எது மொத, எது பெறகுன்னு எங்கையில இருக்குற பேப்பர் சொல்லாது. எங்க சாரும் அதத்தான் கேட்டாரு.

– மாடு தின்னாம மெலிஞ்சுச்சா, மெலிஞ்சதால தின்னலையான்னு தெரியாதவனச் சந்தைக்குள்ளயே விடமாட்டாக. நீயி அதுக்குப் பட்டம் வாங்கப் போற.

– சிரிச்சுக்கங்க அங்கிள். பரவால்ல.

– சிரிக்கல தாயி. வாயி அப்படிப் பழகிப்போச்சு. உள்ள என்ன ஓடுதுன்னு எதிராளிக்குத் தெரியக்கூடாதுன்னு பழக்குன வாயி. சந்தை முடிஞ்சாலும் அது நிக்கமாட்டேங்குது.

– ஊர்ல இருக்கறப்ப அவ எப்படி இருப்பா?

– கேக்கணுமா? குளத்தூருக்கு அங்கிட்டுத்தான் எங்க ஊரு. வீட்டுல வடத்துல கட்டிவிட்டு அடக்குற வடமாட்டுக்குன்னு ஒரு காள நின்னுச்சு, செவல. அதுக்கு என்னையக் கண்டாலும் ஆகாது, அவள மட்டுந்தான் ஆகும். கோழி கூப்பிட அதப் புடிச்சுக்கிட்டுக் கம்மாய்க்குப் போவா. தண்ணியில எறக்கி நீச்சடிக்க விட்டு, கரையேத்தி நடக்க விட்டு, வாரப்ப ஒரு புல்லுக்கட்டையும் தலையில வச்சுக்கிட்டு வருவா. பெறகு சைக்கிளு, மெயின் ரோட்டுல பஸ்ஸு, காலேஜி. சாயங்காலம் வந்தும் சும்மா இருக்கமாட்டா. பேச்சுன்னா அம்புட்டுப் பேச்சு. நம்ம தரகுல மிச்சம் மீதி இருந்த வாயெல்லாம் அவளுக்குத்தான் போயிருக்கும்போல. பி.எஸ்சி.ல மார்க்கையும் அள்ளிக்கிட்டு வந்தா.

– அப்புறம் ஏன் நிறுத்துனீங்க?

– ஏன்னா? அவ அம்மா பிரகதாம்பாள நீ பாத்ததில்ல. செங்கச் சூளையில மண்ணு சொமந்து இடுப்பு ஒடிஞ்சவ. அம்பதுகூட ஆகல, சுவத்தப் புடிச்சு நடக்கா. ஓடியாடி ஒழைச்சா மனசுக்கு நல்லதுன்னு அவகிட்டப் போய்ச் சொல்லு, வெளக்கமாத்த எடுப்பா. எம்மகளுக்கு அது வேணாம்னு இருந்தேன். எம்.எஸ்சி. சேத்ததும் காளைய வித்தேன். ஹாஸ்டல்ல போட்டேன். லீவுக்கு வந்தாலும் ஒரு கொடம் தண்ணி தூக்க விடுறதில்ல. அவளும் மொதல்ல சிரிச்சா. "என்னப்பா, என்னைய மகாராணியாக்கப் பாக்குறீங்க"ன்னா.

– அன்புலதான் செஞ்சிருக்கீங்க.

– அன்பு மட்டுமில்ல, தொழில் தெரிஞ்சு செஞ்சது. சந்தைக்குப் போற உருப்படிய ரெண்டு மாசம் முன்னாலயே ஏர்ல, வண்டியில பூட்டுறத நிறுத்திருவோம். வெயில் கெடையாது. நெழல்ல கட்டி, பருத்திக்கொட்டையும் தவிடும் வச்சா ஒரு மினுமினுப்பு ஏறும் பாரு. நொகத்தடி பட்ட தழும்புகூட மறைஞ்சுரும். எம்புட்டு மாட்ட அப்படித் தேத்தியிருக்கேன். நெழலும் தீனியும் கெடச்சா எந்த உசுரும் தேறும் தாயி.

– அங்கிள்.

– ம்?

– அது விக்கப்போற மாட்டுக்கு. ஸாரி அங்கிள். பட்டுன்னு வந்துருச்சு.

– இல்ல. சொன்னது சொன்னதாவே இருக்கட்டும். நான் அந்த நெனப்புல கட்டல. ஆனா கட்டுன கயிறு ஒண்ணுதான்.

– அந்தா வர்றா. வாட்ச்மேன் அக்கா போய்ச் சொல்லியிருப்பாங்க.

– எங்கிட்டு?

– தண்ணித் தொட்டிக்கு இந்தப்பக்கம். மஞ்ச சுடிதாரு.

– அதுவா? அது யாரோ ஒடம்பு சரியில்லாத புள்ள.

– வனிதாதான் அங்கிள்.

– இவ நடை இது இல்லையே. இவ குதிகால் தரையில பட்டு நான் பாத்ததில்ல. அந்தப் புள்ள செருப்பத் தேச்சுத் தேச்சுல்ல வருது.

– கண்ணத் தொடச்சுக்குங்க. பாத்துரப் போறா.

– தூசி. … வா ஆத்தா. வா, இப்படி வந்து உக்காரு.

– எப்பப்பா வந்தீங்க?

– இப்பத்தான். ஒங்கம்மா கடலை உருண்டை குடுத்துவிட்டுச்சு. இந்தா, பிரிச்சு ஒண்ணு வாயில போடு.

– அப்புறமாத் தின்றேன். ஷர்லி வரச்சொன்னாளா?

– யாரும் சொல்லல. டவுன்ல ஒரு சோலி. அப்படியே இங்கிட்டு எட்டிப் பாத்தேன்.

– ஞாயித்துக்கெழம என்னப்பா சோலி.

– நாந்தாண்டி போன் பண்ணேன். திட்டணும்னா திட்டு.

– திட்டி என்ன ஆகப்போகுது. விடு.

– பாத்தீங்களா அங்கிள்? இதத்தான் சொன்னேன்.

– ஆத்தா, ஒடம்புக்கு என்ன செய்யுது?

– ஒண்ணும் செய்யல.

– மனசுக்கு?

– தெரியல.

– தெரியலைன்னா எப்படி?

– தெரியலைன்னா தெரியலப்பா. கேக்காதீங்க.

– அம்மாகிட்டயாச்சும் சொல்றியா? போன் போட்டுத் தாரேன்.

– வேணாம்.

– வனிதா, அப்பா ஒன்னையக் கூட்டிட்டுப் போக வந்திருக்காரு. டிசி வாங்கப் போறாராம்.

– சரி.

– சரியா? ரெண்டு வருசமா நீ முழிச்சுப் படிச்சதுக்கு, சரிதானா?

– வேற என்ன சொல்லச் சொல்ற ஷர்லி. எங்க கெடந்தா என்ன.

– பொறு தாயி, நீ அவள வெரட்டாத. ஆத்தா, வாயத் தொறந்து சொல்ல வேணாம். வாயில வராததுக்குன்னே எங்க தொழில்ல ஒரு வழி வச்சிருக்காக. ஷர்லி, ஒனக்கு எந்த ஊரு?

– மீமிசல் அங்கிள்.

– கடக்கரை. ஒங்க ஊர்ல மீன் ஏலத்துக்குக் கூவுவாக. ஊருக்கே வெலை தெரியும். மாட்டுத் தரகு அப்படி இல்ல. ரெண்டு பேரு கையும் துண்டுக்குள்ள இருக்கும். வெரலப் புடிச்சா அதான் பேச்சு. ரெண்டு வெரல் புடிச்சா ரெண்டு, நாலு புடிச்சா நாலு. சுத்தி நிக்கிறவனுக்கு ஒண்ணும் தெரியாது. புடிக்கலையா, கைய உருவிக்கலாம். ஒத்துக்கிட்டுப் புடிச்சுட்டா மட்டும் உருவக்கூடாது. இந்தா ஆத்தா, எந்தோள்த் துண்டு. கைய உள்ள குடு. பத்துல எத்தன வெரலுக்கு நல்லாருக்கேன்னு புடிச்சுக் காட்டு. எனக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும்.

– துண்ட எடுங்கப்பா.

– யாரும் பாக்கமாட்டாக ஆத்தா.

– எடுங்கங்கிறேன்ல.

– வனிதா, என்னடி ஆச்சு? ஏன் மூஞ்சத் திருப்பிக்கிற?

– எடுக்கச் சொல்லு ஷர்லி. அதப் பாக்க முடியல என்னால.

– எடுத்துட்டேன். எடுத்தாச்சு ஆத்தா. இந்தா, சுருட்டி அங்கிட்டு வச்சுட்டேன். துண்டு ஒன்னைய என்ன பண்ணுச்சு?

– ஆடிப்பதினெட்டுக்கு ஊருக்கு வந்தேன்ல. நாகராசு மாமா வந்திருந்தாரு. நடுவீட்டுல நீங்க ரெண்டு பேரும் உக்காந்திருந்தீங்க. அம்மா காப்பியக் குடுத்து என்னையக் கொண்டுபோகச் சொல்லுச்சு. நான் அடுப்படி நெலையில நின்னு பாத்தேன். துண்டு போத்தியிருந்துச்சு. ஒங்க கையும் அவரு கையும் அதுக்குள்ள.

– நாகராசு மாமா யாரு அங்கிள்?

– மாப்ளையோட அப்பன். எங்கூடவே சந்தையில தரகு பாக்குறவன். மகன் சேரன் சிங்கப்பூர்ல இருக்கான்.

– கல்யாணப் பேச்சுக்கு எதுக்குத் துண்டு?

– எத்தன பவுனுன்னு வாய்விட்டுக் கேக்க அவனுக்குக் கூச்சம். வாய்விட்டுச் சொல்ல எனக்குக் கூச்சம். "நமக்குத் தெரிஞ்ச பாஷையில பேசிருவோம் மச்சான்"னு அவன்தான் துண்டப் போட்டான். வெளையாட்டாத்தான் தாயி.

– வெளையாட்டாத்தான் இருந்துச்சு. ரெண்டு பேரும் சிரிச்சீங்க. செவலைய விக்கிறப்பயும் அப்படித்தான் சிரிச்சீங்க.

– அடி ஆத்தா. அது நகைக்குப் போட்ட துண்டு. ஒனக்குப் போட்டதில்ல.

– அடுப்படியில நின்னு பாத்தா வித்தியாசம் தெரியலப்பா. காளைய வித்தீங்க, சரின்னேன். சைக்கிளத் தூக்கி விட்டத்துல கட்டுனீங்க, சரின்னேன். தண்ணி தூக்க வேணாம், கொக்கோ வேணாம், மாடி வேணாம். அம்மா இடுப்ப நெனச்சுத்தான் செய்யுறீங்கன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். துண்டப் பாத்தப்பத்தான் வெளங்குச்சு.

– ஒக்காந்து படிக்கிற படிப்புக்குக் காலு எதுக்குன்னு நெனச்சேன் ஆத்தா. நெசமா அம்புட்டுத்தான் நெனச்சேன்.

– எனக்குக் கணக்கு கால்லதாம்ப்பா வரும். உக்காந்து பாத்தா அந்தக் கணக்கு சும்மா எழுத்தா நிக்கும். செவலையக் கம்மாக்கரையில புடிச்சுக்கிட்டு நடப்பேன்ல, அப்பத்தான் ஒண்ணோட ஒண்ணு வந்து சேரும். மாடியில எட்டுப் போட்டப்பவும் வந்துச்சு. கதவப் பூட்டுன பெறகு ஒண்ணுகூட வரல.

– அங்கிள், தண்ணி குடிங்க.

– ஷர்லி, எங்கண்ணுக்குச் செல்லுல எழுத்து சரியாத் தெரியாது. நாகராசுன்னு இருக்கும் பாரு. போட்டுக் குடு.

– இப்பவா? கோவத்துல எதுவும் பேசிறாதீங்க.

– கோவமில்ல. யோசிச்சா செய்யமாட்டேன், அதான். போடு. … ஆங், நாகராசு. நாந்தான். … சாப்பிட்டேன், சாப்பிட்டேன். டவுன்ல இருக்கேன், புள்ளையப் பாக்க வந்தேன். … இல்ல, நல்லால்ல. அதுக்குத்தான் கூப்பிட்டேன். நாகராசு, கேளு. அன்னைக்குத் துண்டுக்குள்ள புடிச்ச வெரல நான் விடுறேன். … வெளையாடல. … பவுனு கூடக் கொறச்ச இல்லப்பா. … வேற எடமும் பாக்கல. எம்மகளக் கேக்காமப் புடிச்சுட்டேன், அம்புட்டுத்தான். … தெரியும். இத்தன வருசத்துல நான் கைய உருவுனதில்லன்னு எனக்கும் தெரியும். … சொல்லு. வெள்ளிக்கெழம சந்தையில நாலு பேரு காதுல விழுறாப்லயே சொல்லு. ஐயனாரு கைய உருவிட்டான்னு சொல்லு, நான் மறுக்கமாட்டேன். … சேரன நான் ஒரு கொறையும் சொல்லல. தங்கமான புள்ள. … சரி. வச்சுர்றேன்.

– அங்கிள், இனி சந்தையில ஒங்களுக்கு?

– கை உருவுன தரகன் துண்டுக்குள்ள எவன் கை நீட்டுவான்? ஒரு வருசமோ ரெண்டு வருசமோ, ஓரமா நின்னு மத்தவன் பேசுறத வேடிக்க பாக்கணும். நின்னுட்டுப் போறேன். சந்தையில நிக்கிறதுதானே என் வேல.

– வனிதா, கேட்டியாடி? எதாச்சும் சொல்லு.

– கேட்டேன்.

– ஆத்தா, டிசி இல்ல. தையும் இல்ல. படிப்ப முடி, ஒரு வேலையத் தேடு. அதுக்குப் பெறகு ஒனக்கா எப்பத் தோணுதோ அப்பப் பாப்போம். ஷர்லி, அந்த லெட்டரக் கொண்டா. மாடிக்கும் போடுறேன், கிரவுண்டுக்கும் போடுறேன், கொக்கோவுக்குத் தனியா வேணும்னா அதுக்கும் போடுறேன். டாக்டரம்மா எங்க இருக்காகன்னு சொல்லு. நாளைக்கு டிசிக்குப் போக வச்சிருந்த நேரத்துல அங்கிட்டுப் போறேன், நானே கூட்டிக்கிட்டு.

– தேங்க்ஸ் அங்கிள்.

– பத்து நாள்னேன்ல, அதையும் விடு. ஒரு மாசமே வச்சுக்க. … சைக்கிள எறக்கி ட்யூபு மாத்தி அடுத்த வாரம் பஸ்ஸு மேல போட்டுக் கொண்டாந்துர்றேன். இப்ப எந்திரி ஆத்தா. அந்தா கிரவுண்டு. வெயிலும் தாந்துருச்சு. நீ முன்னால போ, நான் பின்னாலயே வாரேன். எம்மக நடக்குறத ஒருதரம் பாத்துட்டு நான் பஸ் ஏறுறேன், காலையில திரும்பி வந்துர்றேன்.

– எந்திரிடி. கையக் குடு, வா.

– அப்பா.

– என்ன ஆத்தா?

– ஆவணியில நாகராசு மாமா வீட்டுல நம்ம வீட்டுக்குப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு நான் படுத்திருந்தேன்ல, தலவலின்னு.

– ஆமா. அவுகளும் எட்டிப் பாத்துட்டு, புள்ள தேறட்டும், தையில வச்சுக்குவோம்னு போனாக.

– தலவலி இல்லப்பா. சந்தையில ஒரு மாடு படுத்துருச்சுன்னா அன்னைக்கு அதுக்கு வெலை கெடையாதும்பீங்க. வாங்க வந்தவன் குனிஞ்சுகூடப் பாக்காமப் போயிருவாம்பீங்க. அதான் படுத்தேன். வேணும்னேதான் படுத்தேன். ஹாஸ்டலுக்கு வந்தும் எந்திரிக்கல. நீங்களா அவங்ககிட்ட வேணாம்னு சொல்ற வரைக்கும் படுத்தே கெடக்குறதுன்னு இருந்தேன்.

– அப்ப இத்தன நாளும் நடிப்பாடி? நான் ஒனக்குச் சோறு கொண்டாந்து வச்சதெல்லாம்?

– மொத ஒரு வாரம் நடிப்புத்தான் ஷர்லி.

– அடி கெட்டிக்காரி. தரகன் மக தரகன் மகதான். எங்கிட்டயே வித்தையக் காட்டிட்ட. சொல்லிட்டேன் ஆத்தா, வேணாம்னு சொல்லிட்டேன், ஒங்காதாலயே கேட்டில்ல. நீ நெனச்ச வெலைக்கே முடிஞ்சுருச்சு. போதும், எந்திரி.

– கேட்டேன்பா. நீங்க குடுக்க வேண்டியதெல்லாம் குடுத்துட்டீங்க. நான் எந்திரிக்கிறது ஒண்ணுதான் பாக்கி. நீங்க போன வச்சதுலேருந்து எந்திரிக்கத்தான் பாக்குறேன். முடியலப்பா.